ரேட் எங்கடா போச்சு?

2001ஆம் ஆண்டு. ஈரோட்டில் ஒரு பிரவுசிங் சென்டர். பலகைத் தடுப்புகளுக்குள் குட்டிக் குட்டி அறைகள், தலைக்கு மேல் கரகரவென்று ஒரு விசிறி. சித்தப்பாவுக்கு யாஹூவில் ஒரு மின்னஞ்சல் முகவரி தொடங்கித் தருவதற்காகக் கூட்டிப் போயிருந்தேன். மகன் வெளிநாடு கிளம்புகிறான், இனிமேல் கடிதமெல்லாம் இதில்தான் என்று சொல்லிவிட்டிருந்தான். முகவரி கிடைத்ததும் ஒரு துண்டுச் சீட்டில் எழுதிக் கையில் கொடுத்தேன். கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு நெடுநேரம் பார்த்தார்.

"எம்பேரு இருக்குது, செரி. அதுக்கப்புறம் அட் தி ரேட் ஆஃப் போட்டிருக்குது. அப்புறம் யாஹூங்குது. ரேட் எங்கடா கண்ணு போச்சு?"

சித்தப்பா மஞ்சள் மண்டியில் கணக்கு எழுதியவர். இளவயதில் டைப்ரைட்டிங் இன்ஸ்டிட்யூட்டில் லோயர், ஹையர் இரண்டும் முடித்தவர். @ என்ற அந்தச் சுழி அவர் கைக்கு அன்றாடப் பழக்கம். இடப்பக்கம் சரக்கு, வலப்பக்கம் விலை, நடுவில் சுழி. மஞ்சள் இத்தனை குவிண்டால், சுழி, இத்தனை ரூபாய். தமிழில் எழுதினால் 'வீதம்' என்று வரும் இடம் அது. ஓர் ஆளின் பெயருக்கும் ஒரு கம்பெனியின் பெயருக்கும் நடுவில் அதைப் பார்த்தால், யார் யாரை என்ன விலைக்குப் பிடித்தார்கள் என்றுதானே மண்டிக்காரர் கேட்பார்?

"அது சும்மா சித்தப்பா" என்று சொல்லிச் சிரித்துவிட்டேன். சும்மா போட்ட குறி இல்லை என்று புரிய எனக்குப் பல வருடம் பிடித்தது. அங்கே ஒரு காலத்தில் நிஜமாகவே விலை இருந்தது. அது காணாமல் போன காலமும் ஆளும் தெரியும்.

ஆள், ரே டாம்லின்சன். காலம், 1971இன் கடைசி மாதங்கள். இடம், அமெரிக்காவில் மாசசூசெட்ஸ் மாநிலத்துக் கேம்பிரிட்ஜ். போல்ட் பெரானெக் அண்ட் நியூமன், சுருக்கமாக பிபிஎன், என்ற நிறுவனத்தில் அவர் பொறியாளர், வயது 30. இன்றைய இணையத்துக்கு முன்னோடியான ஆர்ப்பாநெட்டைக் கட்டித் தரும் பொறுப்பு அந்த நிறுவனத்தினுடையது.

அன்றைய கணினி ஒரு அறையை அடைத்துக்கொண்டு நிற்கும். ஒன்றைப் பல பேர் பங்கு போட்டுக்கொள்வார்கள். அப்படிப் பங்கு போட்டவர்கள் ஒருவருக்கொருவர் குறிப்பு எழுதி வைத்துவிட்டுப் போக ஒரு நிரல் ஏற்கெனவே இருந்தது. சாப்பாட்டு மேசையில் 'சாவி பக்கத்து வீட்டில்' என்று சீட்டு எழுதி வைப்போமே, அந்த மாதிரி. ஆனால் சீட்டு வீட்டை விட்டு வெளியே போகாது. கோப்புகளை ஒரு கணினியிலிருந்து இன்னொரு கணினிக்கு நகர்த்தும் வேறொரு நிரலும் அவர் கையில் இருந்தது. இரண்டுக்கும் முடிச்சுப் போட்டார் டாம்லின்சன். மேலிடத்தில் யாரும் கேட்ட வேலை அல்ல அது. போட்டால் நன்றாக இருக்குமே என்று தோன்றியது, போட்டார், அவ்வளவுதான்.

முடிச்சு விழுந்ததும் ஒரு சின்னச் சிக்கல். ஆளின் பெயர் எங்கே முடிகிறது, அவர் இருக்கும் கணினியின் பெயர் எங்கே தொடங்குகிறது என்று இயந்திரத்துக்குக் காட்ட வேண்டும். நடுவில் ஒரு குறி வேண்டும், அது எந்த மனிதர் பெயரிலும் வரக்கூடாது. அவர் முன்னால் இருந்தது டெலிடைப் மாடல் 33. நொடிக்கு 10 எழுத்து வீதம் (இந்த 'வீதம்' தானாக வந்து விழுகிறது, பாருங்கள்) காகிதத்தில் தடதடவென்று அடிக்கும், பெரிய எழுத்து மட்டுமே தெரிந்த இயந்திரம். அதில் 'பி' எழுத்து விசையின் தலையில் அந்தச் சுழி உட்கார்ந்திருந்தது. யார் பெயரிலும் வராது. ஆங்கிலத்தில் 'அட்' என்று வாசிக்கலாம். இன்னார், இன்ன இடத்தில். பொருளும் பொருந்திவிட்டது. இதற்காக மண்டையை உடைத்துக்கொண்டதாக அவர் ஒருநாளும் பெருமை பேசியதில்லை.

முதல் அஞ்சல், ஒரே அறையில் அருகருகே நின்ற இரண்டு பிடிபி-10 கணினிகளுக்கு நடுவே போனது. தோளோடு தோள் உரசி நின்றாலும் அவற்றுக்குள் ஆர்ப்பாநெட் வழியாக மட்டுமே பேச்சு. அதில் என்ன எழுதினார் என்பது அவருக்கே மறந்துவிட்டது. ஆங்கில விசைப்பலகையின் மேல் வரிசையை அப்படியே இழுத்துத் தட்டியிருப்பேன் என்று பிற்பாடு சொன்னார். 2016 மார்ச் மாதம், 74 வயதில் இறந்தார்.

எல்லா இடத்திலும் இந்தக் குறியை மாலை போட்டு வரவேற்றுவிடவில்லை. எம்ஐடி பக்கத்தில் மல்டிக்ஸ் என்ற கணினி அமைப்பு புழக்கத்தில் இருந்தது. அதில் இதே சுழிக்கு வேறு வேலை. தப்பாக அடித்துவிட்டால், அதுவரை அடித்த வரி முழுவதையும் அழிக்க அதைத்தான் தட்டுவார்கள். பாவம், அங்கே ஒருவர் முகவரியை அடிக்கத் தொடங்கிச் சுழிக்கு வந்ததும் எழுதிய பெயர் மொத்தமும் காலி. இந்த வம்பால், 1977இல் மின்னஞ்சலுக்கு விதிமுறை எழுதியபோது சுழிக்குப் பதிலாக 'அட்' என்ற சொல்லை எழுத்தாகவே அடிக்கலாம் என்று சலுகை கொடுத்தார்கள். 1982இன் புது விதிகளில் அந்தச் சலுகை போய்விட்டது. சுழி ஜெயித்தது.

டாம்லின்சன் கைக்கு எட்டும் தூரத்தில் அது எப்படி வந்தது என்பது அடுத்த கேள்வி. கவிதை எழுதுகிறவருக்கு அது தேவையில்லை, காதல் கடிதத்துக்கும் தேவையில்லை. கணக்குப்பிள்ளைக்குத் தேவை. தட்டச்சுப் பொறிகளை அமெரிக்க அலுவலகங்கள் வாங்கிக் குவித்தபோது, பில் அடிக்கிறவர்களுக்காக விசைப்பலகையில் ஏறியது அது. 1900இல் வெளிவந்து சக்கைப்போடு போட்ட அண்டர்வுட் 5ஆம் எண் பொறியில் அது உண்டு. 1963இல் ஆஸ்கி என்ற எழுத்துக் குறியீட்டை வகுத்தவர்கள் அதற்கு 64ஆம் இடத்தைக் கொடுத்தார்கள்; 'ஏ' என்ற எழுத்துக்கு 65, அதாவது அகரவரிசைக்கே முன்னால் போட்ட நாற்காலி. நாற்காலி கிடைத்ததே தவிர, கணினிக்காரர்களுக்கு அதனால் பெரிய உபயோகம் ஒன்றுமில்லை. அதனால்தான் டாம்லின்சன் எடுக்கப்போனபோது ஆளில்லாமல் கிடந்தது.

கணக்குப்பிள்ளையின் கையைப் பிடித்துக்கொண்டு இன்னும் பின்னால் போனால் ஒரு கடிதத்தில் வந்து நிற்கிறோம். 1536 மே 4. பிரான்செஸ்கோ லாப்பி என்ற பிளாரன்ஸ் வணிகர், ஸ்பெயின் நாட்டுச் செவில் நகரிலிருந்து ரோமுக்கு எழுதியது. அமெரிக்கக் கண்டத்திலிருந்து மூன்று கப்பல்கள் வந்து சேர்ந்த சேதி, அங்கே சரக்குகள் விற்கும் நிலவரம். அதில் திராட்சை மது ஒரு 'ஆன்ஃபோரா' 70, 80 டூக்கட்டுக்குப் போகிறது என்று எழுத வந்தவர், 'ஆன்ஃபோரா' என்று முழுதாக எழுதச் சோம்பல்பட்டு, ஒரு 'ஏ' போட்டு அதன் வாலை இடப்பக்கமாகச் சுழற்றித் தலைக்கு மேல் கொண்டுவந்து விட்டார். ரோம் லா சபியென்சா பல்கலைக்கழகப் பேராசிரியர் ஜார்ஜோ ஸ்தாபிலே 2000ஆம் ஆண்டில் இந்தக் கடிதத்தை எடுத்துக் காட்டியபோது உலகப் பத்திரிகைகள் எல்லாம் எழுதின. வால் இன்றைய வாலேதான்.

ஆன்ஃபோரா என்பது இரண்டு காது வைத்த மண்சாடி. மதுவும் எண்ணெயும் அதில்தான் கப்பலேறும். ஆகவே சாடியின் பெயரே அளவின் பெயரும் ஆகிவிட்டது. நம் ஊரில் படி, மரக்கால் எல்லாம் பாத்திரமாகவும் அளவாகவும் இருந்தது போல. புதுச்சேரிக்குப் பக்கத்தில் அரிக்கமேட்டில் 1945இல் தொல்லியலாளர் மார்ட்டிமர் வீலர் தோண்டியபோது குவியலாக வெளியே வந்த ரோமானியச் சாடி ஓடுகள் இந்தச் சாடியின் ஓடுகள்தான். சுழி இங்கே வருவதற்கு ஏறத்தாழ இரண்டாயிரம் வருடத்துக்கு முன்பே அதன் சாடி வந்து உடைந்து கிடந்திருக்கிறது.

ஸ்பெயின்காரர்களுக்கு இதே சுழி வேறோர் அளவு. அதன் பெயர் 'அர்ரோபா'. அரபு மொழியில் 'அர்-ருபு' என்றால் நாலில் ஒன்று, நம் 'கால்'. எதில் கால்? குவிண்டாலில் கால். நூறு ராத்தல் ஒரு குவிண்டால், 25 ராத்தல் ஓர் அர்ரோபா. ஸ்பெயினின் காஸ்டில் பகுதி வழக்கில் சுமார் பதினொன்றரை கிலோ. 1448இல் காஸ்டிலிலிருந்து அரகோனுக்குப் போன கோதுமையைப் பதிந்த ஒரு சுங்க ஏட்டில், லாப்பியின் கடிதத்துக்கும் 88 ஆண்டு முன்பாகவே, இந்தக் குறி தென்படுகிறது. பிரேசில் நாட்டில் இன்றும் மாட்டிறைச்சிச் சந்தையில் விலை பேசுவது அர்ரோபா கணக்கில்தான். அங்கே அது 15 கிலோ என்று உருண்டு திரண்டு நிற்கிறது.

குவிண்டால் என்ற சொல்லும் அரபிகள் வழியாக ஐரோப்பாவுக்குப் போனதே. அங்கிருந்து சுற்றிக்கொண்டு நம் நெல் கொள்முதலுக்கும் ஈரோட்டு மஞ்சள் ஏலத்துக்கும் வந்திருக்கிறது. சித்தப்பா தன் பேரேட்டில் 'குவிண்டால்' என்று எழுதிப் பக்கத்தில் சுழி போட்டபோது, முழு எடையையும் அதன் கால் பங்கையும் அடுத்தடுத்து உட்கார வைத்திருக்கிறார். இதை அவரிடம் சொன்னபோது, "அப்ப நாந்தான் செரியாப் போட்டிருக்கறேன்" என்றார்.

இதற்கெல்லாம் முன்னால் ஒரு பல்கேரிய ஏடு இருக்கிறது. மனாசெஸ் என்பவரின் கிரேக்க வரலாற்று நூலை 1345 வாக்கில் மொழிபெயர்த்து எழுதிய ஓவியச் சுவடி. வத்திக்கான் நூலகத்தில் உள்ளது. அதில் 'ஆமென்' என்ற சொல்லின் முதல் எழுத்தை இதே உருவத்தில் வளைத்து வைத்திருக்கிறார் எழுதியவர். கையெழுத்து அலங்காரம், வியாபாரத்துக்கும் அதற்கும் தொடர்பு இல்லை. லத்தீனில் 'அட்' என்ற சொல்லை மடாலயத்துத் துறவிகள் கூட்டெழுத்தாக எழுதியதிலிருந்து பிறந்தது என்று இன்னொரு கட்சி நெடுநாளாக வாதாடுகிறது. எனக்கு மண்டிக் கட்சிதான். துறவிக்கு நேரம் இருக்கிறது. சரக்கு வந்து இறங்கி, வண்டிக்காரன் வாசலில் நிற்கும்போது எழுதுகிறவன்தான் எழுத்தைச் சுருக்குவான்.

ஐரோப்பாவில் வடக்கே போகப் போக, அளவைக் குறித்த சுழி விலையைக் குறிக்கலாயிற்று. ஆங்கிலேயக் கணக்கில் 'இன்ன விலைக்கு' என்ற பொருளில் நிலைத்தது. அவர்கள் ஆண்ட நாட்டுக் கணக்குப் புத்தகங்களிலும் அதே பொருள். அப்படித்தான் 'அட் தி ரேட் ஆஃப்' என்ற முழுநீளப் பெயரோடு நம் தட்டச்சுப் பள்ளிக்கும் மண்டிக்கும் வந்தது.

இப்போது டாம்லின்சன் செய்த வேலையைத் திரும்பப் பார்க்கலாம். அவர் செய்தது ஒரு சிலேடை. ஆங்கிலத்தில் விலைக்கும் 'அட்', இடத்துக்கும் 'அட்'. பத்து ரூபாய்க்கு என்றாலும் அட், பத்தாம் நம்பர் வீட்டில் என்றாலும் அட். விலையைக் காட்டிய குறியை அப்படியே தூக்கி இடத்தைக் காட்ட வைத்துவிட்டார். ரேட் போய் ஊர் வந்தது. சிலேடைக் கவி காளமேகம் கேட்டிருந்தால் ரசித்திருப்பார்.

தமிழில் இந்தச் சிலேடை நடக்காது. விலைக்கு 'வீதம்', இடத்துக்கு ஏழாம் வேற்றுமை 'இல்', 'இடம்', 'கண்'. இரண்டுக்கும் நடுவே பாலம் கிடையாது. தமிழுக்கு மட்டுமா இந்தக் கதி? உலகத்தில் பெரும்பாலான மொழிகளுக்கு இதே நிலைமை. அந்தச் சுழி அவர்கள் கணினிக்கு வந்தபோது அதற்குள் எந்தப் பொருளும் இல்லை, வெறும் உருவம். தாளில் இருந்தவரை பரவாயில்லை, கண்ணால் பார்த்துவிட்டு நகரலாம். 1990களில் மின்னஞ்சல் முகவரியைத் தொலைபேசியில் சொல்லவேண்டி வந்ததும் வாய்க்கு ஒரு சொல் தேவைப்பட்டது. நூற்றாண்டுகளாகப் பெயரே வேண்டாமல் வாழ்ந்த குறிக்கு, கொஞ்ச வருடத்துக்குள் ஊருக்கு ஊர் பெயர் சூட்டு விழா நடந்தது. எந்தக் குழுவும் கூடி முடிவெடுக்கவில்லை. டெலிபோனைப் பிடித்திருந்தவர்கள் உருவத்தைப் பார்த்தார்கள், தோன்றியதைச் சொன்னார்கள்.

குரங்குதான் அதிகம் பேர் கண்ணில் பட்டது. டச்சுக்காரர்களுக்கு 'அப்பன்ஸ்டார்ட்யே', குரங்கின் குட்டி வால். ஜெர்மானியருக்கு 'கிளாமர் ஆஃபே': கிளையைக் கட்டிப் பிடித்துத் தொங்கும் ஒரு குரங்கினத்தின் பெயர். போலந்தில் 'மௌபா', குரங்கேதான். இத்தாலியர் 'கியோச்சோலா' என்று நத்தையைச் சொன்னார்கள். கொரியர்களுக்கும் நத்தைதான், ஆனால் அவர்களுடைய 'கொல்பேங்கி' காரமாகக் கலந்து, மது குடிக்கும்போது கடித்துக்கொள்ளும் கடல் நத்தை. ஹங்கேரியில் 'குக்காட்ஸ்', ஆப்பிளுக்குள் நெளிகிற புழு. கிரேக்கத்தில் 'பப்பாக்கி', வாத்துக்குஞ்சு. கழுத்தை மடக்கிக்கொண்டு மிதக்கும் குஞ்சை நினைத்துப் பார்த்தால் சரியாகத்தான் இருக்கிறது. தைவானில் குட்டி எலி. டென்மார்க்கில் 'ஸ்னாபெல்-ஆ', தும்பிக்கை வைத்த 'அ'. யானையே இல்லாத ஊரில் தும்பிக்கை எப்படிக் கண்ணுக்குத் தெரிந்ததோ!

பின்லாந்துக்காரர்கள் கொடுத்த பெயரை நான் முதலிடத்தில் வைப்பேன். 'மியுகுமவுக்கு'. சுருண்டு படுத்துத் தூங்கும் பூனையைப் பார்த்தவர்கள் பூனை என்று சொல்லாமல் அதன் மியாவ்வைப் பெயராக்கிவிட்டார்கள். கண்ணால் பார்த்ததைக் காதால் சொல்லும் பெயர்.

ரஷ்யர்களுடையது வில்லங்கம். 'சபாக்கா', நாய். முகவரியைச் சொல்லும்போது ஆளின் பெயரைச் சொல்லி, அடுத்த மூச்சில் நாய் என்று சொல்லியாக வேண்டும். பெண்களின் பெயரோடு சேர்ந்தால் இன்னும் விபரீதம். அதை வைத்து அவர்களே ஜோக் அடித்துக்கொள்கிறார்கள், ஆனால் பெயரை மாற்றவில்லை. நம் ஊர்த் தாலுகா ஆபீசில் இப்படி ஒரு முகவரியை உரக்க வாசித்திருந்தால் அன்றைக்கு வேறு வேலை நடந்திருக்காது.

அடுப்படிப் பக்கம் போனவர்களும் உண்டு. செக் நாட்டில் 'ஸவினாச்': ஹெர்ரிங் மீன் துண்டை வெங்காயம் உள்ளே வைத்துச் சுருட்டிக் காடியில் ஊறப்போட்ட பண்டம். கண்ணாடி ஜாடிக்குள் பார்த்தால் அச்சாக அதேதான். இஸ்ரேலில் 'ஷ்ட்ரூடல்', ஆப்பிளை மாவில் சுருட்டிச் சுட்டு, குறுக்கே வெட்டி வைக்கும் இனிப்பு. சுவீடனில் தும்பிக்கைப் பெயரோடு இலவங்கப்பட்டை போட்ட சுருள் ரொட்டியின் பெயரும் புழங்கியது. கசாக் மொழியில் 'அய்குலாக்', நிலாவின் காது. இது எந்த அடுப்படியிலும் சேராது, எந்தக் காட்டிலும் சேராது. துருக்கியில் கொஞ்ச காலம் 'அழகான அ' என்று சொன்னார்கள். காதலில் இருந்த யாரோ வைத்த பெயராக இருக்கும்.

சீனாவில் ஒரு தம்பதி தங்கள் குழந்தைக்கே இந்தக் குறியைப் பெயராக வைக்கக் கேட்டார்கள் என்று 2007இல் அந்நாட்டு மொழித்துறை அதிகாரி ஒருவர் சொன்னார். 'அட்' என்பதைக் கொஞ்சம் இழுத்தால் அவர்கள் மொழியில் 'அவனை நேசி' என்று கேட்குமாம். அதுவும் ஒரு சிலேடைதான்.

ஸ்பெயின்காரர்களும் போர்ச்சுகீசியர்களும் இந்தக் கூத்து எதிலும் சேரவில்லை. அவர்களிடம் பெயர் ஏற்கெனவே இருந்தது. எடைக் கல்லின் பெயரான அர்ரோபாவையே மின்னஞ்சலுக்கும் சொல்கிறார்கள். பிரெஞ்சுக்காரர்களும் நத்தையைக் கொஞ்ச நாள் வளர்த்துப் பார்த்துவிட்டு, அர்ரோபாவின் தம்பியான 'அரோபாஸ்' பக்கம் போய்விட்டார்கள். ஸ்பானியத்தில் இதற்கு இன்னொரு வேலையும் கொடுத்தார்கள். அந்த மொழியில் ஆண்பால் சொல் பெரும்பாலும் 'ஓ'வில் முடியும், பெண்பால் 'ஆ'வில். சுழியைப் பாருங்கள், ஓவுக்குள் ஆ. மாணவர், மாணவியர் இருவரையும் ஒரே சொல்லில் அழைக்கக் கடைசி எழுத்தாக அதைப் போட ஆரம்பித்தார்கள். வாயால் எப்படிச் சொல்வது என்று கேட்காதீர்கள். ஸ்பானிய அகாதெமியும் இதை ஏற்கவில்லை. பலர்பாலில் ஒரு 'ர்' போட்டு முடித்துக்கொள்ளும் தமிழனுக்கு இந்தக் கஷ்டம் புரிவது கடினம்.

தமிழ் ஏன் ஒரு பெயர் வைக்கவில்லை? உருவம் பார்த்துப் பெயர் வைப்பது நமக்குத் தெரியாத வித்தையா? ஒன்றாம் வகுப்புக் குழந்தைக்கே ஒற்றைக்கொம்பு, இரட்டைக்கொம்பு, துணைக்கால் தெரியும். ரெண்டு சுழி 'ன', மூணு சுழி 'ண' தெரியும். எழுத்தின் தலைக்கு மேல் வளையும் கோட்டுக்கு மேல்விலங்கு என்று பெயர். கைவிலங்கு, கால்விலங்கு மாதிரி மாட்டிய விலங்குதான், மிருகம் இல்லை. கடிதத்தின் நெற்றியில் போடும் ஒரு வளைவை விநாயகர் பெயரிலேயே பிள்ளையார் சுழி ஆக்கிக் கும்பிட்ட ஊர் இது. தெரியாத எழுத்தைப் பார்த்தால் 'ஜிலேபி பிழிந்த மாதிரி' என்று அடுத்த நொடியே சொல்கிறவர்கள் நாம். இந்தச் சுழியை ஜிலேபி என்றோ முறுக்கு என்றோ அழைக்க எல்லாத் தகுதியும் நமக்கு இருந்தது.

இருந்தும் அழைக்கவில்லை. காரணம், நம் கணக்கர்கள் குறியைப் படமாகப் பார்த்துப் பழகாதவர்கள். பழைய பத்திரங்களில் ௸ என்று ஒரு குறி வரும். அதைக் கண்டதும் 'மேற்படி' என்று வாசிப்பார்கள். ஆளைச் சொல்ல வேண்டுமானால் ௸யார், மேற்படியார். நாளுக்கு ஒன்று, மாதத்துக்கு ஒன்று, வருடத்துக்கு ௵, வரவுக்கு ௷, பற்றுக்கு ௶. எதற்கும் உருவத்தை வைத்துப் பெயர் கிடையாது. குறி என்பது சுருக்கி எழுதிய சொல். பார்த்தால் சொல்லை விரித்து வாசி என்பதே பழக்கம். 2003இல் இந்தக் குறிகள் யூனிகோடு என்ற கணினி எழுத்துக் குறியீட்டில் ஏறின, 2019இல் குறுணி, பதக்கு போன்ற அளவைக் குறிகளும் பின்னக் குறிகளும் சேர்ந்தன. கணினி வந்த பிறகு ஏறிய இவற்றை இன்று வாசிக்கத் தெரிந்தவர்கள் குறைவு.

அந்தக் கண்ணோடுதான் நம்மவர்கள் @ குறியையும் பார்த்தார்கள். விரித்து வாசித்தார்கள்: அட் தி ரேட் ஆஃப். போலீஸ் ஸ்டேஷன் எழுத்தர் அதையே வேறாக விரித்தார். முதல் தகவல் அறிக்கையில் 'செல்வம் @ செல்வராஜ்' என்று இருந்தால் அது 'செல்வம் என்கிற செல்வராஜ்'. நீதிமன்றப் பட்டியலிலும் அப்படித்தான். தமிழ்ப் பத்திரிகைக்காரர்கள் அதற்கு அடைப்புக்குள் '(எ)' போடுவார்கள். மண்டியில் வீதம், ஸ்டேஷனில் என்கிற, மெயிலில் இடம். ஒரே சுழிக்கு நம் ஊரில் மூன்று வாசிப்பு. குரங்கும் நத்தையும் இங்கே நுழைய இடமே இருக்கவில்லை.

இதில் தொல்லை இல்லாமல் இல்லை. ஒருமுறை ஒரு காப்பீட்டு நிறுவனத்திலிருந்து தொலைபேசியில் என் முகவரியைக் கேட்டார்கள். பெயரைச் சொல்லி, 'அட் தி ரேட் ஆஃப்' சொல்லி, மீதியையும் சொன்னேன். பாலிசி வரவே இல்லை. இரண்டு மாதம் அலைந்து நேரில் போய்ப் பார்த்தால், அந்தப் பெண் நான் சொன்னது அத்தனையையும் எழுத்தெழுத்தாக அடித்து வைத்திருந்தார். என் பெயரோடு 'அட்திரேட்ஆஃப்' ஒட்டிக்கொண்டு ஒரு ஆந்திர ஊர்ப்பெயர் மாதிரி நின்றது. அவர் மேல் குற்றமில்லை. விரித்து வாசிக்கும் பரம்பரையில் பிறந்து, காதால் கேட்டு அடிக்கும் வேலைக்கு வந்தவர். குரங்கு என்று சொல்லியிருந்தால் இப்படி ஆகியிருக்காது.

சுழிக்கு இதற்குள் பதவிகள் கூடிவிட்டன. 2004இல் மோர்ஸ் தந்திக் குறிகளில் அதற்கும் ஓர் ஒலி கொடுத்தார்கள்: 'ஏ', 'சி' இரண்டு எழுத்தின் தட்டல்களையும் இடைவெளி விடாமல் சேர்த்துத் தட்ட வேண்டும். ஒன்பது வருடம் கழித்து, 2013இல், நம் நாட்டில் தந்தியையே நிறுத்திவிட்டோம். 2010இல் நியூயார்க்கின் நவீனக் கலை அருங்காட்சியகம் அதைத் தன் வடிவமைப்புச் சேகரிப்பில் சேர்த்துக்கொண்டது. காசு எதுவும் கொடுக்கவில்லை. யாருக்கும் சொந்தமில்லாத பொருளுக்கு யாரிடம் கொடுப்பது? இப்போது சமூக ஊடகத்தில் ஒருவர் பெயருக்கு முன்னால் அதைப் போட்டால் அவர் தோளைத் தட்டிக் கூப்பிட்டதாக அர்த்தம். பெயருக்குப் பின்னால் நின்றது முன்னால் வந்துவிட்டது.

சித்தப்பா மகனின் பிள்ளைகள் வெறும் 'அட்' என்று சொல்கிறார்கள். 'தி ரேட் ஆஃப்' சொன்னால் சிரிக்கிறார்கள், நான் 2001இல் சிரித்த மாதிரி. சித்தப்பாவுக்கு எண்பது தாண்டிவிட்டது. முகவரி கேட்டால் இன்றும் முழுதாகத்தான் சொல்வார், 'ஆஃப்' உள்பட. யூனிகோடு அட்டவணையில் அந்தக் குறிக்கு நேரே குரங்கும் இல்லை, நத்தையும் இல்லை. அங்கே எழுதியிருக்கும் பெயர் 'கமர்ஷியல் அட்', அதாவது வியாபார அட்.